ஒரே பாட்டு, ஏழு தடவை

உக்காருங்கம்மணி. அந்தப் பக்கம் வேண்டாம், மேல யூபோனியம், அந்தப் பெரிய பித்தளைக் கொழலு, தொங்குது, ஆணி கொஞ்சம் லூசு. இப்படி வாங்க. ரோசலி, மெட்ராசு காலேஜுல இருந்து ஒரு அம்மணி வந்திருக்குது, காப்பி வெய்யி.

ஆஸ்வால்டு தொரையைப் பத்திப் புஸ்தகம் எழுதறீங்களாக்கும். சரி. இந்தக் கடைப்படி ஏறுறவங்க ரெண்டே வகைங்க. கண்ணாலத்துக்கு பேண்டு பேச வர்றவங்க ஒண்ணு, ஆஸ்வால்டு தொரையைப் பத்திக் கேக்க வர்றவங்க இன்னொண்ணு. சூசைமாணிக்கம்ங்கற என்னையப் பத்திக் கேக்க ஒருத்தரும் வந்ததில்லை. ஒருக்கா ஜனத்தொகை கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்துச்சு. அது என்ற பேரைக் கேட்டு எழுதிக்கிட்டுப் போச்சு. அதோட சரி.

வெளிய போர்டைப் பாத்தீங்களா? மாணிக்கம் பேண்டு செட், போத்தனூர், ரயில்வே கேட் புகழ்னு போட்டிருக்குது. அந்தப் புகழ் யாரோடதுங்கறதுலதான் தகராறே. ஊரு பூரா தொரையோடதுங்குது. நான் இல்லைங்கறேன். நீங்க படிச்சவங்க, முழுசாக் கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க.

பேண்டு செட்டுல முன்னாடி நிக்கறவன் டிரம்பட்டுக்காரன். ஊர்வலம் வருதுன்னா ஜனங்க கண்ணுல முதல்ல படறது அவன்தான், மாப்பிள்ளை கூட அப்பறம்தான். அது எங்கப்பன் நின்ன எடம். அவுருக்குப் பொறகு நான் நின்ன எடம். அந்த ஒரு எடத்துக்காகத்தானுங்க நான் பண்ணுனது எல்லாம். இதை ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லை, எழுதிக்குங்க.

எழுபத்தொம்பதாவது வருசம், வைகாசி மாசம். கண்ணாலம் பதினேழு ஒத்துக்கிட்டாச்சு. எங்க ரெண்டாவது டிரம்பட்டு அந்தோணி, கெணத்துல தூர் வார எறங்கி முன்பல்லு ரெண்டையும் ஒடச்சுக்கிட்டு வந்து நின்னான். டிரம்பட்டுக்குப் பல்லுதானுங்க அஸ்திவாரம். ஆளு தேடறேன், கெடைக்கலை. அப்பத்தான் ரயில்வே காலனில ஆஸ்வால்டுன்னு ஒரு சட்டைக்காரரு, ஆங்கிலோ இந்தியரு, இருக்கறாரு, கல்கத்தாவுல பெரிய ஓட்டல்ல பதினாலு வருசம் டிரம்பட்டு ஊதுனவரு, ஓட்டல்ல பேண்டை எடுத்துட்டதால அக்கா வீட்டுல வந்து சும்மா கெடக்கறாருன்னு சொன்னாங்க. போயிப் பாத்தேன். ஈர்க்குச்சி மாதிரி ஒரு ஆளு, தலையில தொப்பி, வாயில சிகரெட்டு, கோழிக்குத் தவிடு பெசஞ்சுக்கிட்டு இருந்தாரு.

என்ன சங்கீதம் தொரைன்னு கேட்டேன். ஜாஸுன்னாரு. அதுலயும் பீபாப்னு ஒரு சாதியாம். பேரைக் கேட்டா ஐஸ் வண்டிக்காரன் ஆரன் அடிக்கற மாதிரி இருந்துச்சு. சரி, ரெண்டாவது டிரம்பட்டுதானே, பின்னாடி நின்னு என்னத்தையோ ஊதட்டும்னு கூட்டியாந்துட்டேன். ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்னு அப்பத் தெரியலைங்க.

அவுரு மொறையே வேற மொறைங்கம்மணி. எங்கப்பன் எனக்குச் சொல்லிக் குடுத்த முதல் பாடம், கன்னம் உப்பக் கூடாது, காத்து வயித்துல இருந்து வரோணும். இந்த மனுசன் ஊதறப்போ ரெண்டு கன்னமும் மழைக்காலத்துத் தவக்களையாட்ட உப்பும். ஒரு கண்ணாலத்துல பொண்ணோட அத்தை, இவுருக்கு என்னமோ ஆகுதுன்னு பயந்து சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. இவுரும் வாங்கிக் குடிச்சுப்போட்டு தேங்க்ஸுன்னாரு.

அப்பறம், ஜனத்தைப் பாத்து நிக்க மாட்டாரு. ஜனத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எங்களைப் பாத்து நின்னு ஊதுவாரு. ஏன் தொரை இப்படி மரியாதையில்லாம நிக்கறீங்கன்னு கேட்டா, தாளம் உங்ககிட்டதானே இருக்கு மேன், அவங்ககிட்ட வெத்தலைதான் இருக்குன்னு சொல்லுவாரு. பேச்சுக்குப் பேச்சு மேன். என்ற பேரே மாணிக்கம் மேன்னு ஆகிப்போச்சு.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. பேண்டு செட்டுல டிரம்பட்டுங்கறது பாடறவங்களோட குரலுங்க. நான் ஒரு சினிமாப் பாட்டை ஊதுனா, ரோட்டோரம் நிக்கற கெழவனும் கூடவே வார்த்தையைப் பாடோணும். பாட வரலைன்னா அது பேண்டு இல்லை, வெறுஞ்சத்தம். தொரை என்ன பண்ணுவாரு? முதல் ரெண்டு வரி ஒழுங்கா வரும். மூணாவது வரில ஆளைக் காணோம். வெரலு என்னமோ தையல் மிசினு மாதிரி ஓடுது, சுரம் கொட்டுது கொட்டுது, ஆனா பாட்டு எங்க போச்சுன்னு தெரியாது. கடைசி வரிக்கு எங்கிருந்தோ வந்து சரியா எங்களோட சேந்துக்குவாரு, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

பாட்டை ஊதுங்க தொரைன்னு சண்டைக்குப் போனேன். பாட்டு எல்லாருக்கும் தெரியுமே மேன், தெரிஞ்சதைத் திரும்ப எதுக்குச் சொல்லணும்னாரு. ஒரு பாட்டுக்கு அடியில கடக்கால் மாதிரி ஒரு கட்டு இருக்குதாம். அந்தக் கடக்காலை அப்படியே வெச்சுக்கிட்டு மேல வேற வீடு கட்டறதுதான் அவுரு வேலையாம். நான் சொன்னேன், தொரை, கண்ணாலத்துக்கு வந்தவங்களுக்கு அவங்க வீடு எங்கன்னு தெரிஞ்சாப் போதும்னு. சிரிச்சாரு. ஊர்வலத்துக்கு ஒரு ரவுண்டு எனக்கு விட்டுரு, அதுல நீ தலையிடாத, மத்ததெல்லாம் நீ சொல்ற மாதிரி ஊதறேன்னாரு. சரின்னேன்.

நான் என்ன அவ்வளவு ஏமாளிங்களா? ஊர்வலத்துல எங்க ஆளே இருக்காதோ, அங்க பாத்து அவுரு ரவுண்டை வெச்சேன். நூல்மில்லுச் சுவரு இருக்குதில்லைங்க, நீளமா, கருவேலமுள்ளா? அங்க. சுவத்துக்கு ஊதிக்கட்டும்னு விட்டேன். நாலாவது கண்ணாலத்துல பாக்கறேன், ஷிப்டு முடிஞ்ச மில்லுக்காரங்க சைக்கிளை நிறுத்திப்போட்டு சுவரோரம் வரிசையா நிக்கறாங்க. மாப்பிள்ளையைப் பாக்கலை, என்னையப் பாக்கலை. தொரையோட முதுகைப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. பொறாமைன்னு என்ற வீட்டுக்காரி ரோசலி சொல்லுவா. பொறாமை இல்லீங்கம்மணி, வயித்தெரிச்சல்தான்.

இப்ப கேட் கதைக்கு வர்றேன். வைகாசி கடைசி முகூர்த்தம், முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளையோட தாய்மாமன் ரைஸ்மில்லு நாச்சிமுத்து, நெம்பக் கோவக்காரரு. தொறந்த காருல மாப்பிள்ளையை உக்கார வெச்சுக் கெளம்பி ரயில்வே கேட்டுக்கு வர்றோம், கேட்டு மூடிருக்குது. கூட்ஸ் வண்டியைப் பிரிச்சுக் கோக்கறாங்க. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாத்தா இன்னொரு மாப்பிள்ளை, இன்னொரு காரு, இன்னொரு பேண்டு. மதுக்கரை மயில்சாமியோட பேண்டு. நல்ல டிரம்பட்டுக்காரன், அதைச் சொல்லத்தான் வேணும். ரோடு ஒரு வண்டிதான் போற அகலம். கேட்டு தொறந்தா யாரு முதல்ல போறதுன்னு கேள்வி வந்துபோச்சு.

எங்க தொழில்ல எழுதாத சட்டம் ஒண்ணு இருக்குதுங்க. ரெண்டு ஊர்வலம் எதிரெதிரா நின்னுதுன்னா, ரெண்டு பேண்டும் மாறி மாறி ஒவ்வொரு பாட்டா வாசிக்கோணும். ஒருக்கா வாசிச்ச பாட்டை ரெண்டு பேருமே மறுபடி தொடக் கூடாது. எவன்கிட்டப் பாட்டு தீருதோ, எவன் வாசிச்ச பாட்டையே வாசிக்கறானோ, அவன் தோத்தவன். அவன் ஓரங்கட்டோணும், அவன் மாப்பிள்ளையும் ஓரங்கட்டோணும். நாச்சிமுத்து வந்து என்ற காதுக்குள்ள சொன்னாரு:

"மாணிக்கம், என்ற மருமவன் ஓரங்கட்டுனான்னா, நாளைக்கு நீ முகூர்த்தத்துக்கு வராத. இந்தப் பக்கத்துல எந்த முகூர்த்தத்துக்கும் வராத."

சொன்னா சொன்னபடி செய்யறவரு. ஆரம்பிச்சோம். நான் ஒண்ணு, மயில்சாமி ஒண்ணு. நான் காதல் பாட்டு, அவன் சோகப் பாட்டு. நான் சாமி பாட்டு, அவன் குத்துப் பாட்டு. அந்தப் பக்கத்து கிளாரினெட்டுக்காரன் கேட்டுக் கம்பி மேல நோட்டை வெச்சு ஒவ்வொரு பாட்டா எழுதிக்கறான். பன்னெண்டு ஆச்சுங்க. அப்பத்தான் அந்தப் பக்கத்து மாப்பிள்ளையோட பங்காளிங்க ஒரு அயோக்கியத்தனம் பண்ணுனாங்க. மாங்காயைக் கீறி, உப்பு மொளகாப்பொடி தடவி, எட்டுப் பேரு கேட்டோரம் வரிசையா நின்னு என்ற மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கறுக் கறுக்குனு கடிக்கறாங்க. டிரம்பட்டுக்காரன் வாயில தண்ணி ஊறுச்சுன்னா அதோட முடிஞ்சுதுங்கம்மணி, ஒதடு நிக்காது. பதிமூணாவது பாட்டை எடுத்தேன். கன்னுக்குட்டி கத்துன மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. மறுபடி வெச்சேன். அதுவும் வரலை. அந்தப் பக்கம் விசிலடிக்கறாங்க. நாச்சிமுத்து துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு என்னை நோக்கி வர்றாரு. எங்கப்பன் நின்ன எடம் அன்னிக்குப் போச்சுன்னே நெனச்சேனுங்க.

தொரை சிகரெட்டைக் கீழ போட்டு மிதிச்சாரு. வழக்கம் போல முதுகைக் காட்டித் திரும்பி நின்னாரு. மாங்காயாவது மண்ணாவது, அவுருதான் அந்தப் பக்கமே பாக்கலியே. யூபோனியக்காரனுக்கு வெரலால என்னமோ சைகை காட்டுனாரு, கன்னத்தை உப்புனாரு, ஆரம்பிச்சாரு.

அம்மணி, எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. கூரையில ஆலங்கட்டி விழுந்தாப்புல இருந்துச்சு. டிரம்முக்காரன் வாயைப் பொளந்துக்கிட்டே அடிக்கறான். அந்தப் பக்கம் ஒரே சலசலப்பு, இது என்ன பாட்டு, எந்தப் படம்னு. கிளாரினெட்டுக்காரன் பென்சிலைக் கடிக்கறான். நாச்சிமுத்து திரும்பி நின்னு, கலங்காம, இந்திப் படம்னாரு. ஒருத்தரு மலையாளம்னாரு. இன்னொருத்தரு, நான் இந்தப் படத்தைப் பாலக்காட்டுலயே ரெண்டு தடவை பாத்தேன்னு சத்தியம் பண்ணுனாரு.

எனக்கு மட்டும் விசயம் புரிஞ்சுபோச்சு. ஏன்னா யூபோனியம் அடியில போற போக்கை நான் கேட்டேன். அது நாங்க அன்னிக்கு முதல்ல வாசிச்ச அதே காதல் பாட்டு. ரெண்டாவது தடவை தொரை எடுத்ததும் அதே பாட்டு. மூணாவதும் அதே. மேல ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை, ஒண்ணு சிரிக்குது, ஒண்ணு அழுகுது, ஒண்ணு சண்டைக்குக் கூப்படுது. அடியில கடக்கால் ஒண்ணுதான். பக்கத்துல போயி, தொரை, அதே பாட்டு, மாட்டிக்குவோம்னேன். வாயில இருந்து டிரம்பட்டை எடுத்து, சட்டையைத்தான் மாத்திட்டேனே மேன்னு சொல்லிப்போட்டு மறுபடி வெச்சாரு. ஏழு தடவைங்க. ஒரே பாட்டு, ஏழு தடவை. மயில்சாமி நாலாவது வரைக்கும் பதில் வாசிச்சான். அதுக்குப் பொறகு டிரம்பட்டைக் கக்கத்துல வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடி நின்னுட்டான். கேட்டுத் தொறந்ததும் அவனே அவன் ஆளுங்களை ஒதுங்கச் சொல்லிப்போட்டு, எங்க ஊர்வலம் போற வரைக்கும் ஓரமா நின்னான். போறப்போ என்னைப் பாக்கலை. தொரையைப் பாத்துத் தலை குனிஞ்சான்.

முகூர்த்தம் முடிஞ்சுது. அன்னிக்கு மத்தியானமே தொரையைக் கூப்புட்டு, நீங்க நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லீட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? சட்டம் சட்டம்தானுங்களே. வாசிச்ச பாட்டை வாசிச்சது தப்பு. என்ற தொழிலுக்கு நான் நேர்மையா இருக்கோணுமில்லைங்களா? போர்டுல ரயில்வே கேட் புகழ்னு அடுத்த வாரம் எழுதுனது வேற விசயம். அது ஜனங்க கேட்டாங்கன்னு எழுதுனது.

அவுருகிட்ட மூஞ்சிக்கு நேராவே சொன்னேன், ஏழும் ஒரே பாட்டு, எனக்குத் தெரியும்னு. கோவிச்சுக்குவாருன்னு பாத்தேன். மூஞ்சி மலர்ந்து போச்சுங்க அந்த மனுசனுக்கு.

"கண்டுபிடிச்சிட்டியா மேன்? கல்கத்தாவுல கூட நெறையப் பேருக்குத் தெரியாது. அப்ப உனக்குக் காது இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாரு. என்ற தோள்ல ஒரு தட்டுத் தட்டிப்போட்டு, எங்க பேண்டு யூனிபாரம் சிவப்புக் கோட்டைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டுப் போயிட்டாரு. ஐப்பசில அக்காளோட ஆஸ்திரேலியாவுக்கு ஏறிட்டாரு. அங்க பிஸ்கோத்துக் கம்பெனில வேலை பாத்துச் செத்துப் போனாருன்னு பல வருசம் கழிச்சுச் சேதி வந்துச்சு. ஸ்டேசனுக்கு வழியனுப்ப மயில்சாமி அவன் பேண்டையே கூட்டியாந்தானாம். நான் போகலை. எனக்கு அன்னிக்கு டிரம்முக்குத் தோல் மாத்தற வேலை இருந்துச்சு.

மயில்சாமியை அப்பறம் ஒரு மாதா கோயில் திருவிழால பாத்தேன். ரெண்டு பேரும் டீ குடிச்சோம். உன்னை ஒண்ணு கேக்கோணும், அன்னிக்கு எங்க தொரை ஏமாத்துனது உனக்குத் தெரியவே இல்லியாடான்னேன். மூணாவது தடவையே தெரிஞ்சுபோச்சுன்னான். அப்பறம் ஏண்டா சொல்லலைன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான்.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாரேப்பா."

காப்பியைக் குடிங்க, ஆறுது. ஆமாங்க, அது எனக்குக் குத்துச்சுங்க. குத்தலைன்னு சொன்னா உள்ள இருந்து ரோசலி கரண்டியோட வந்துருவா.

அதுக்குப் பொறகு போற எடத்துலெல்லாம் கேட்டுல வாசிச்சதை வாசிங்கன்னு ஒரே பாட்டா இருந்துச்சு. தொரை இல்லை, முன்னாடி நிக்கறவன் நான். வாசிக்கலைன்னா, போர்டுல எதுக்குப் போட்டிருக்கறேன்னு கேப்பாங்க. அந்தத் தவசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாளும், எங்க ஆளுங்க வீட்டுல கண்ணாலம் கெடையாது. ஊருக்கு வெளிய தண்ணி நிக்கற கல்லுக்குழிக்குப் போயி நானும் ஒத்தையா ஊதிப் பாத்தேன். யாருக்கும் தெரியாது. ரோசலிகிட்ட மீன் புடிக்கப் போறேன்னு சொன்னேன். நாப்பது நாளும் ஒரு மீனு வரலை, அவளும் ஒரு வார்த்தை கேக்கலை.

என்ன, பாட்டுப் போடறீங்களா? செல்போன்லயா? தாராபுரம், ஈரோடு, பொள்ளாச்சி, அங்க பாலக்காடு வரைக்கும் பேண்டு செட்டுக்காரங்க வாசிச்சதைப் புடிச்சுட்டு வந்திருக்கீங்களா. பதினோரு பேண்டா? போடுங்க, கேப்போம்.

ம்.

ம்ம்.

அடுத்தது போடுங்க. இது யாரு, தாராபுரத்துக்காரனா? நல்ல மூச்சு அவனுக்கு. அடுத்தது.

என்னமோ சொன்னீங்களே இப்ப, அதுக்கு என்ன பேரு? தொரை சறுக்கா? எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்களா? மேல ஏறிக்கிட்டே போயி, சட்டுனு வழுக்கி, கீழ ஒரு சுரத்துல விழுந்து, அதைப் புடிச்சு ஆட்டி ஆட்டி நீட்டறது. ஆஸ்வால்டு தொரையோட தனி முத்திரை அதுதான்னு புஸ்தகத்துல ஒரு அத்தியாயமே எழுதீட்டீங்களா.

நிறுத்துங்கம்மணி. அதைக் கொஞ்சம் நிறுத்துங்க.

இல்லை, இன்னொருக்கா போடுங்க. இந்த எடம். இதுதான். இங்க தொரை ஏறுவாரு பாருங்க, சும்மா படி ஏறுற மாதிரி, பதினோரு சுரம். உச்சிக்குப் போயி அங்க இருந்து திரும்பிப் பாத்துச் சிரிச்சுப்போட்டு எறங்குவாரு. கல்லுக்குழில நாப்பது நாள் ஏறிப் பாத்தேன். எட்டு வரைக்கும்தான் எனக்கு வந்துச்சு. ஒம்பதாவதுக்கு வெரலு போகாது. அங்க வந்ததும் வழுக்கிருவேன். தப்பான ஒரு சுரத்துல போயி விழுவேன். விழுந்தது தெரியக் கூடாதுன்னு, வேணும்னே பண்ணுன மாதிரி அதைப் புடிச்சு நீட்டி ஆட்டிவிடுவேன். முதல்ல அதை ஒரு கண்ணாலத்துல ஊதுனப்போ பயந்துக்கிட்டே ஊதுனேன். ஜனங்க கையைத் தட்டி, அப்படியே தொரைன்னாங்க. நானும் ஆமாங்கற மாதிரி நின்னுட்டேன். என்னைப் பாத்து ஒருத்தன் புடிச்சான், அவனைப் பாத்து இன்னொருத்தன். இந்தப் பதினோரு பேருல ஒருத்தன் கூட தொரையை நேர்ல கேட்டிருக்க மாட்டான். இவனுங்க எல்லாம் ஊதறது என்ற தப்புங்க. சுத்தமா, ஒரு சுரம் மாறாம, என்ற தப்பு.

சிரிக்காதீங்க. சிரிங்க, பரவால்லை.

நாப்பத்தஞ்சு வருசமா என்ற பேரை யாரும் சொல்லலைன்னு திட்டிக்கிட்டு இருந்தேன். இத்தனை ஊருல நான்தான் ஒலிக்கறேன், அவுரு பேருல. என்ற பேரு வரோணும்னா, அவுரு வாசிச்சது எனக்கு வரலைன்னு நானே சொல்லோணும். முன்னாடி நிக்கறதுக்குன்னு அவுரை வெளிய அனுப்புனவன், அவுருக்குப் பின்னாடி நிக்கக் கூடத் தகுதியில்லாதவன்னு நீங்க எழுதோணும். இன்னிக்கு வரைக்கும் இதை ரோசலிகிட்டக் கூடச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும், அது வேற.

சொல்லாம விட்டுரலாம்னுதானுங்க இப்பக் கூட நெனச்சேன். ஆனா அச்சுல வந்துருமே. நாளைக்கு எவனாச்சும் படிச்சுப்போட்டு, ஆஸ்வால்டுன்னு ஒருத்தரு இருந்தாராம், இப்படித்தான் வழுக்குவாராம்னு நெனச்சுக்குவானே. அதை என்னால தாங்க முடியாதுங்கம்மணி. நான் கேட்டிருக்கறேன் அந்த மனுசனை. எனக்குக் காது இருக்குதுன்னு அவுரு சொல்லியிருக்கறாரு.

அந்த அத்தியாயத்துல அவுரு பேரை அடிச்சுருங்க. அவுரு ஒருநாளும் சறுக்குனதில்லை. சறுக்குனது நானு. எழுதிக்குங்க, சூசைமாணிக்கம், முழுப் பேராவே போடுங்க. வெறும் மாணிக்கம்னா செட்டிபாளையத்துல ஒரு டிரம்முக்காரன் இருக்கறான், அவன் தன்னுதுன்னு சொல்லிக்குவான்.